இடது கைப்பக்கத்துக் குழாய்

ஒட்டுக் கேக்கேன்னு நெனச்சுக்கிடாதீங்கம்மா. பக்கத்துலயே உக்காந்துருக்கேன், நீங்க போன்ல பேசுனது காதுல விழத்தான் செய்யுது. வீட்டுல பாத்ரூம் வேல நடக்காக்கும்? இடிச்சாச்சா? சரி. பைப்பு போட்டாச்சா, இனிமேத்தானா?

இனிமேத்தான்னா நல்ல நேரத்துலதான் என் பக்கத்துல வந்து உக்காந்திருக்கிய. டைல்ஸ் கலரு, ஷவர் மாடலு, அதையெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம். வெளிய தெரியுத சாமான் புடிக்கலன்னா கழட்டிப் போட்டுட்டு வேற மாட்டிக்கிடலாம். பைப்பு அப்படியா? சுவத்துக்குள்ள வச்சுப் பூசி, மேல டைல்ஸ ஒட்டிட்டான்னா முடிஞ்சுபோச்சு. எந்தக் குழாய் எந்தச் சுவத்துல வரணும், எவ்வளவு ஒசரத்துல வரணும், சுடுதண்ணி எந்தப் பக்கமாப் போகணும், எல்லாத்தையும் சுவர வெட்டுததுக்கு முன்னாடியே ஒரு ஆளு முடிவு பண்ணிரணும். ஒரு ஆளுதான். ரெண்டு ஆளு முடிவு பண்ணினா என் வீடு மாதிரிதான் ஆவும்.

என் வீட்டுல என்ன ஆச்சா? நீங்க எங்க எறங்கணும்? நாகர்கோயிலா? நானும் அங்கதான். அப்ப நிதானமாவே சொல்லுதேன்.

நான் தூத்துக்குடி. பேரு ஜெசிந்தா. பெரியாஸ்பத்திரியில நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. வேலைக்கிச் சேந்த நாள்ல இருந்து வெளிய வார நாள் வரைக்கும் எத்தன பேரக் குளிப்பாட்டியிருப்பேன், தொடச்சி விட்டிருப்பேன்னு எனக்கே தெரியாது. எதுக்குச் சொல்லுதேன்னா, ஒரு நோயாளிய எப்படி உக்கார வைக்கணும், எந்தப் பக்கம் நின்னு தண்ணி ஊத்தணும்னு எனக்கு ஒருத்தரும் பாடம் எடுக்க வேண்டாம். நான்தான் மத்தவளுக்கு எடுத்துக்கிட்டு இருந்தேன்.

எங்க வீட்டு அவுக துறைமுகத்துல டக் போட் ஓட்டினவுக. கப்பல இழுத்துட்டு வருமே சின்னப் போட்டு, பாத்திருப்பிய. நல்ல ஒசரம், நல்ல ஒடம்பு. நான் ரிட்டயர் ஆகி ஒரு வருசம் முழுசா முடியல, அவுகளுக்கு ஸ்ட்ரோக் வந்துட்டு. காலையில பல்லு தேச்சிக்கிட்டு நின்ன மனுசன் அப்படியே சரிஞ்சிட்டாவ. வலது பக்கம் பூராப் போச்சு. காலு பொறவு கொஞ்சம் கொஞ்சமா வந்துட்டு, நாலு கால் ஊனுகோல வச்சு நடந்துருவாவ. கை வரவேயில்ல. பேச்சும் வரல.

பேச்சுன்னா முழுசா இல்லன்னும் சொல்ல முடியாது. சாயங்காலம் செபமால சொல்லும்போது கூடவே சொல்லுவாவ, ஒரு வார்த்த பெசகாது. ஆனா தண்ணி வேணும்னு கேக்க வராது. என் பேரு வராது. தானா வார வார்த்த ஒண்ணே ஒண்ணுதான். சொல்லவே வெக்கமா இருக்கு, எங்க பக்கம் எரிச்சல்ல வையுத வார்த்த. 'சவம்'. பசிச்சாலும் சவம், தூக்கம் வந்தாலும் சவம். கோயில்லேருந்து சாமியார் வீட்டுக்கு வந்து மந்திரிச்சு நெத்தியில சிலுவ போட்டாவ, அவருக்கும் சவம்தான். சாமியார் சிரிச்சிட்டாரு. நான் தலையக் குனிஞ்சிட்டு நின்னேன். மூளையில அந்த எடம் அடிபட்டா அப்படித்தான் வரும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சா மட்டும் வெக்கம் போயிருமா?

எங்க பாத்ரூமு மாமனார் காலத்துல கட்டினது. ஒரு மூலைய சிமெண்டுத் தொட்டி அடச்சிக்கிட்டு நிக்கும். பழைய இரும்புப் பைப்பு. உள்ள துரு புடிச்சு அடஞ்சு, தண்ணி நூல் கணக்கா வரும். காலையில தெறந்தா செவப்பா வரும். அதுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் சேரப் போட்டு, இவ்வளவு பெரிய ஆள உக்கார வச்சு, தொட்டிக்கும் சேருக்கும் எடையில நான் ஒருக்களிச்சு நின்னு, அடுப்புல காய வச்ச தண்ணிய வாளியில கொண்டு வந்து ஊத்தி... ரெண்டு வருசம்மா. எனக்கு இடுப்பு போச்சு. ஒரு நாளு ஊத்தும்போதே வழுக்கி, ரெண்டு பேருமா விழப் பாத்தோம். அன்னைக்கித்தான் மகன்ட்ட சொன்னேன். மஸ்கட்டுல இருக்கான், ஜெரோமு. "எல, இனி முடியாது, பாத்ரூம இடிச்சுக் கட்டணும்"ன்னேன். "இடிங்கம்மா, நல்லா வசதியாக் கட்டுங்க"ன்னான்.

இடிச்சாச்சு. தொட்டி போச்சு, எடம் நல்லா அகலமாக் கெடச்சுது. இனி பிளான் போடணும். நான் ஆஸ்பத்திரி மொறப்படி யோசிச்சேன். சேரு பின்சுவத்த ஒட்டி, வாசலப் பாத்தாப்ல. வலது பக்கம் வெலங்காத ஆளுன்னா நாம அந்த வலது பக்கம்தான் நிக்கணும். விழுந்தா அந்தப் பக்கம்தான் விழுவாவ, தாங்கணும்ல. அப்ப குழா எங்க வரணும்? வலது சுவத்துல, நான் நிக்குத எடத்துல, என் கைக்கு எட்டுத ஒசரத்துல. சுடுதண்ணி, பச்சத்தண்ணி ரெண்டும் அங்கனயே கலந்து, கை ஷவரு ஒண்ணு. ஹீட்டரும் அதே சுவத்துல மேல. எல்லாம் ஒரே சுவரு. பைப்பும் கொஞ்சம், பைப்பு வளையுத மொடக்கும் கொஞ்சம், தண்ணியும் வேகமா வரும். இதுல ஒரு குத்தம் சொல்லுங்க பாப்போம். சொல்ல முடியாது.

பிளம்பர் பேரு ஐகோர்ட்துரை. சிரிக்காதீங்க, எங்க பக்கம் அப்படிப் பேரு உண்டு. பேருக்கேத்தாப்ல வாய்தா வாங்குததுல கெட்டிக்காரன். இன்னைக்கி வாரேன்னா இன்னைக்கி வரமாட்டான். வந்தாம்னா வேல பாக்கத விட வாய் பேசுததுதான் சாஸ்தி. அவன்ட்ட நான் எடத்தக் காட்டினேன், அவன் சாக்பீஸால சுவத்துல அடையாளம் போட்டான். இங்க சுடுதண்ணி, இங்க பச்சத்தண்ணி, இங்க ஷவரு. நாளைக்கி வந்து வெட்டுதேன் சிஸ்டர்னுட்டுப் போனான்.

மறுநா காலையில பாக்கேன், சுவத்துல ஒண்ணையும் காணோம். சும்மா வெளிறிப்போயி நிக்கி. அவுக உள்ளங்கையப் பாத்தா வெள்ள. சாக்பீஸ் பொடி!

"என்னத்துக்கு அழிச்சிய?"ன்னு கேட்டேன். "சவம்"ன்னாவ. வேற என்ன சொல்லப்போறாவ!

ஸ்ட்ரோக் வந்தவங்க சின்னப் புள்ள மாதிரி ஆயிருவாவ, நான் பாத்துருக்கேன். சாப்பாட்டத் தட்டிவிடுவாவ, சொருகுன டியூபப் புடுங்கிருவாவ. கோவப்பட்டு ஆவாது. துரை வந்தான், மறுபடி போடச் சொன்னேன். அவன் போட்டுட்டு டீ குடிக்கப் போனான். வாரதுக்குள்ள மறுபடி அழிச்சாச்சு. இந்த மட்டம் என் கண்ணு முன்னாடியே. ஊனுகோலச் சுவத்துல சாத்தி வச்சிட்டு, இடது கையால பரபரன்னு தேச்சு அழிக்காவ. நான் கையப் புடிச்சேன். ஒதறிட்டாவ. நல்ல கை அதுதான் பாத்துக்கிடுங்க, டக் போட் ஓட்டுன கை.

துரைக்கிக் கோவம் வந்துட்டு. "சிஸ்டர், நீங்களும் அண்ணாச்சியும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. பொறவு கூப்புடுங்க"ன்னு சொல்லிட்டுப் பைய எடுத்துட்டான். எங்க போனான்னா வேற ஒரு வீட்டு வேலைக்கி. இங்க சண்ட, அவனுக்கு வசதியாப் போச்சு. நான் போன் மேல போன் போடுதேன், எடுக்கவேயில்ல.

இங்க குளிக்க எடமில்ல. நான் பக்கத்து வீட்டு அல்போன்சா வீட்டுல போயிக் குளிச்சிட்டு வருவேன். அவுகளுக்குக் கட்டில்லயே ஈரத்துணியால தொடப்புதான். அது எனக்குப் பழக்கம், அஞ்சு நிமிசத்துல முடிச்சிருவேன். ஆனா அந்த மனுசன் மொகத்தச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டுக் கெடப்பாவ. "கொஞ்சம் இங்கிட்டுத் திரும்புங்க, ஒத்துழைங்க"ம்பேன். ஒத்துழைக்கதே கெடையாது. வார்டுல முன்னப் பின்ன தெரியாத ஆளுங்க எனக்கு ஒத்துழைச்சிருக்காங்க, கட்டுன புருசன் ஒத்துழைக்கல.

மகன்ட்ட சொல்லி அழுதேன். அவன் என்ன சொல்லுதான்? "அம்மா, அப்பாட்ட என்ன வேணும்னு கேட்டியளா?"ங்கான். கேக்கதாம்! எப்படிக் கேக்க? கேட்டா சவம்னு வரும். "எய்யா, அப்பாவுக்கு இப்ப அதெல்லாம் தெரியாது, நாமதான் பாத்துச் செய்யணும்"னேன். அவன் போன வச்சிட்டான். பொறவு ஏதோ கூரையிலேருந்து மழ மாதிரி கொட்டுத ஷவரு படம் ஒண்ணு அனுப்பினான். அவனும் அப்பன மாதிரிதான்.

சரி, ஒரு வழியாத் துரை வந்தான். இந்த மட்டம் நான் வெவரமா இருந்தேன். அடையாளம் போட்ட கையோட வெட்டச் சொல்லிட்டேன். அவுகள முன்னறையில டிவி முன்னாடி உக்கார வச்சிட்டு, கதவச் சாத்திட்டேன். பழைய சுண்ணாம்புச் சுவரு, உளிய வச்சா பொலபொலன்னு கொட்டுது. வீடு பூரா புழுதி. வெட்டி, பைப்ப வச்சு, பசையப் போட்டு ஒட்டி, பைப்பு வாய எல்லாம் மூடி, தண்ணியத் தெறந்துவிட்டு ஒழுகுதான்னு பாக்கணும். ஒரு ராத்திரி அப்படியே விட்டுப் பாத்துட்டுத்தான் பூசணும். நீங்களும் இத மறந்துராதீங்க, பாக்காமப் பூசிட்டுப் போயிருவான். எங்க வீட்டுல அவன் மேல ஒரு மொடக்குல பசையே போடல. தண்ணியத் தெறந்தானோ இல்லியோ, பீச்சி என் மொகத்துல அடிச்சுது. கண்ணாடியெல்லாம் தண்ணி. "தீர்த்தம் சிஸ்டர்"ங்கான். அடி வாங்கியிருப்பான். பொறவு அத அறுத்து எடுத்து, ஒழுங்கா ஒட்டி, மறுநா பூசலாம்னு போனான்.

மறுநா நான் பால் வாங்கிட்டு வாரேன். கட்டில்ல ஆளக் காணோம். ஊனுகோலக் காணோம். தேடிப் போனா பாத்ரூமுக்குள்ள இருக்காவ. செங்கல் துண்டும் காரையுமாக் கெடக்குத எடத்துல எப்படித்தான் அந்தச் சேர இழுத்துட்டுப் போனாவளோ! பின்சுவத்த ஒட்டிப் போட்டு, வாசலப் பாத்து உக்காந்தாச்சு. சட்டையெல்லாம் புழுதி. கையில ஒரு செங்கல் துண்டு. இடது பக்கத்துச் சுவத்துல, தாழ, உக்காந்த வாக்குல கை போற எடத்துல, பெருசாப் பெருக்கல் குறி ஒண்ணு. செவக்கச் செவக்க அழுத்திப் போட்டுருக்காவ.

"எந்திரிங்க, கொத்தனார் வாராரு, பூசணும்"னேன். எந்திரிக்கல. கையப் புடிச்சுத் தூக்கினேன். அசைஞ்சாத்தானே! கொத்தனார் வந்தாரு, மணலச் சலிச்சிட்டு வாசல்ல நிக்காரு. துரை வந்தான். எட்டிப் பாத்துட்டு, "சிஸ்டர், அண்ணாச்சி அந்தப் பக்கம் குழா கேக்காருல்லா"ங்கான்.

"அவருக்கு அதெல்லாம் கேக்கத் தெரியாதுடே. செங்கல் கெடச்சுது, கிறுக்கிருக்காரு"ன்னேன்.

அவ்வளவுதான். கையில இருந்த செங்கல் துண்டத் தூக்கி எறிஞ்சாவ பாருங்க, கதவுல பட்டுச் செதறிட்டு. "சவம்! சவம்! சவம்!" ஆஸ்பத்திரியில எனக்கு எதுத்து ஒரு டாக்டர் பேசினது கெடையாது. கொத்தனார் முன்னாடி, பிளம்பர் முன்னாடி. நான் அடுக்களைக்கிப் போயி நின்னுட்டேன். என்னத்துக்குன்னு சும்மா வெங்காயத்த எடுத்து உரிச்சேன்.

நீங்க கேக்கது புரியுது. அன்னைக்கே குழாய வச்சுக் குடுத்திருக்கலாம்லான்னு கேக்கிய. ஏம்மா, வேல பாக்கது நான். குளிப்பாட்டப் போறது நான். அவுக சும்மா உக்காந்திருக்கப் போறாவ. சும்மா உக்காந்திருக்கவருக்கு என்னத்துக்குத் தனியாக் குழா? அதுவும் சூடு தெரியாமத் தெறந்து பொசுக்கிக்கிட்டா யாரு பதில் சொல்லுதது?

மத்தியானம் ஆச்சு. எந்திரிக்கல. சோத்த அங்கனயே கொண்டு குடுத்தேன், அங்கனயே இருந்து சாப்புட்டாவ. கொத்தனார் ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சாரு. வெயில் தாழ்ந்திட்டு. எனக்குத் தெம்பு இல்லாமப் போச்சு. "டே, வச்சுத் தொலடா. அவுக காட்டுத எடத்துல ஒரு குழாய வச்சுத் தொல. தெறக்கவா போறாவ, கெடக்கட்டும்"னேன்.

துரைக்கி அது ஒரு பெரிய பொலம்பல். வலது சுவத்துலேருந்து சுடுதண்ணியும் பச்சத்தண்ணியும் பின்சுவரு வழியாச் சுத்திக் கொண்டு போகணும். மறுபடி வெட்டணும். சுத்திப் போனா வேகம் கொறையும், சுடுதண்ணி வந்து சேருததுக்குள்ள ஆறிப்போவும்னான். ஆறட்டும், அதுவும் நல்லதுதான், பொசுங்காதுன்னேன். அவன் வெட்ட ஆரம்பிச்ச பொறவுதான் அவுக எந்திரிச்சாவ. எந்திரிச்சு வெளிய போனாவளா? இல்ல. வாசல்ல சேரப் போட்டு உக்காந்துக்கிட்டு, பைப்பு வாயி அந்தப் பெருக்கல் குறி மேலயே வருதான்னு பாத்துக்கிட்டு இருந்தாவ. துரை ஒரு சாண் ஒசத்தி வச்சான். ஊனுகோலத் தரையில டொக்கு டொக்குன்னு தட்டினாவ. எறக்கி வச்சான்.

இன்னொரு கூத்தக் கேளுங்க. ஆபரேசன் தியேட்டர்ல டாக்டருங்க கை கழுவுத குழா பாத்திருக்கியளா? நீளமா ஒரு கைப்பிடி இருக்கும், முழங்கையால தள்ளினாப் போதும். கையெல்லாம் சோப்பா இருந்தாலும் தெறக்கலாம், மூடலாம். நான் எனக்குன்னு கட கடையா ஏறி எறங்கி அத வாங்கிட்டு வந்தேன். அவுக பைக்குள்ளேருந்து எடுத்துப் பாத்தாவ. அந்தக் கைப்பிடிய மணிக்கட்டால மேலயும் கீழயும் தள்ளிப் பாத்தாவ. அவ்வளவுதான், அது போச்சு. மடியில வச்சிக்கிட்டுத் தரமாட்டேன்னுட்டாவ. துரை அத அவுக பக்கத்துல மாட்டினான். எனக்குச் சாதாத் திருகு குழா. யாருக்கு வாங்கினது யாருக்குப் போச்சு பாத்தியளா?

டைல்ஸ் ஒட்டி, எல்லாம் முடிஞ்சு, மொத மொத குளிக்குத நாளு. நான் ஹீட்டரப் போட்டாச்சு. துண்டு, சோப்பு, மாத்துத் துணி எல்லாம் ரெடி. சேலைய எடுத்துச் சொருகிக்கிட்டு வாரேன். அவுக எனக்கு முன்னாடி உள்ள போயி, கதவச் சாத்தியாச்சு.

உள்பக்கம் தாப்பாளே வைக்கக் கூடாதுன்னு கதவு போட்ட ஆசாரிட்ட நான் கண்டிசனாச் சொல்லியிருந்தேன். விழுந்துட்டா கதவ ஒடைக்கவா முடியும்? வைக்கவும் இல்ல. ஆனா தள்ளுதேன், தெறக்க மாட்டேங்கு. என்ன செஞ்சிருக்காவன்னா, ஊனுகோலக் கதவுக்கு முட்டுக் குடுத்து வச்சாச்சு. அந்த மூளையெல்லாம் நல்லா வேல செய்யுது!

தண்ணி விழுத சத்தம் கேக்கு. எனக்கு உயிரே இல்ல. ஈரத்தர, ஒத்தக் கை, ஒத்தக் காலு. கதவ ரெண்டு கையாலயும் அடிச்சேன். "தெறங்க! விழுந்துராதீங்க! இருக்கியளா? சத்தம் குடுங்க! ஏதாச்சும் சத்தம் குடுங்க!"ன்னு கத்துதேன். அல்போன்சா ஓடியாந்துட்டா. உள்ள தண்ணி நின்னுச்சு. ஒண்ணுமே கேக்கல.

அப்பத்தான் பாடினாவ.

ஆமாம்மா, பாட்டு. எங்க கல்யாணத்துக்கு முன்னாடி வந்த ஏதோ பழைய பாட்டு. ரேடியோவுல கேட்டிருக்கேன், எனக்கு முழுசாத் தெரியாது. வார்த்த வார்த்தையாப் பாடுதாவ. தொண்ட கரகரன்னு இருக்கு, ராகம் அங்கங்க வழுக்குது, வார்த்த மட்டும் வழுக்கல. ரெண்டு வருசமா என் பேரச் சொல்ல வராத வாயி. அல்போன்சா அழுதுட்டா. நான் அழல. எனக்குக் கோவம்தான் வந்துச்சு. நான் இங்க பதறி அடிச்சிக்கிட்டு சத்தம் குடுங்க, சத்தம் குடுங்கன்னு கத்துதேன், இவுக உள்ள உக்காந்து பாட்டுப் படிக்காவ. எவ்வளவு எகத்தாளம் இருக்கணும்!

வெளிய வாராவ, காதுக்குப் பின்னால சோப்பு நொர அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு. சட்டப் பொத்தான் ஒண்ணு ஏறி ஒண்ணு எறங்கி. மொகம் மட்டும் எப்படியோ இருந்துச்சு, எப்படிச் சொல்ல... கப்பல உள்ள கொண்டாந்து சேத்துட்டு வீட்டுக்கு வாரப்ப இருக்குமே, அப்படி. நான் நொரையத் தொடைக்கப் போனேன். என் கைய மெதுவா ஒதுக்கிட்டு, அவுகளே துண்டால தொடச்சிக்கிட்டாவ.

அன்னைக்கிலேருந்து இதே கததான். தெனமும் முட்டுக் குடுத்தாச்சு, குளிச்சாச்சு, பாடியாச்சு. நான் வாசல்ல நிப்பேன். நிக்காம என்ன செய்ய? விழுந்துட்டாத் தூக்கணும்ல. மொத மொத பாடின பாட்டு முடிஞ்சு இப்ப வேற வேற பாட்டெல்லாம் வருது. இவ்வளவு பாட்டுத் தெரியும்னே எனக்குத் தெரியாது. எனக்கு எப்பமும் டூட்டி, அவுகளுக்கு எப்பமும் கடல், எங்கேருந்து பாட்டுக் கேக்க? என் முன்னாடி ஒரு நாளு பாடினதில்ல. இப்பமும் முன்னறையில வந்து உக்காந்துட்டா அதே சவம்தான். அந்தக் கதவுக்கு அங்கிட்டு இருந்தாத்தான் பாட்டு.

ஒரு நாளு நான் காலப் பூசைக்கிப் போயிட்டு வாரேன், அவுக உள்ள குளிச்சிக்கிட்டு இருக்காவ. பாட்டே இல்ல. வெறும் தண்ணிச் சத்தம். பரவால்ல, இன்னைக்காவது எகத்தாளம் இல்லாம ஒழுங்காக் குளிக்காவன்னு நெனச்சேன். அடுக்களையில போயி செருப்பக் கழட்டிப் போட்டு, பாத்திரத்த எடுத்து வச்சேன். அந்தச் சத்தம் கேட்டுருக்கும் போல. ஒடனே ஆரம்பிச்சாச்சு. நான் வந்துட்டா போதும், அந்த மனுசனுக்கு என்னய வம்புக்கிழுக்கணும். இல்லன்னா பொழுது போவாது.

ஏன் சிரிக்கிய? நீங்களும் அவுக கட்சிதானா?

என் பக்கத்துக் குழா அப்படியே கெடக்கு. வலது சுவத்துல, என் ஒசரத்துல, எவ்வளவு கணக்குப் பாத்து வச்சது. வாரத்துக்கு ஒரு மட்டம் நான் தெறந்துவிட்டுத் தரையக் கழுவுதேன், அவ்வளவுதான் அதுக்கு வேல. எனக்கும் அவ்வளவுதான் வேல. காலையில எந்திரிச்சா என்ன செய்யன்னே தெரியல. இந்த ஸ்டெல்லா, என் கூட நர்சிங் படிச்சவ, நாகர்கோயில்ல இருக்கா. வருசா வருசம் எங்க செட்டு ஆளுங்க எல்லாரும் அவ வீட்டுல கூடுவாங்க. ரெண்டு வருசமா என்னால வர முடியல, அவுகளக் குளிப்பாட்ட ஆளில்லையே. இந்த வருசம் அவ கூப்புட்டா, வீட்டுல சும்மாத்தானே இருக்கோம், போயிட்டுத்தான் வருவோமேன்னு கெளம்பிட்டேன். ராத்திரி தங்கிட்டு நாளைக்கி வந்துருவேன். அல்போன்சா சாப்பாடு குடுத்துருவா.

இல்லம்மா, அவுக தனியாத்தான் இருக்காவ. நான் கெளம்பும்போது அவுக இன்னும் குளிக்கப் போகல. போயிட்டு வாரேன்னு சொன்னேன், தலைய ஆட்டினாவ. ஆட்டோ திரும்புத வரைக்கும் வாசல்ல நின்னாவ. இந்நேரம் குளிச்சு முடிச்சிருப்பாவ. கேக்கதுக்குத்தான் ஆளில்ல. பாடினாவளோ என்னமோ.

போனா? போன் இருக்கு அவுகட்ட. மகன் பட்டன் போன் ஒண்ணு வாங்கிக் குடுத்தான். அமுக்கி எடுக்கத் தெரியும். ஆனா எடுத்து என்ன பேச? நான் போட்டதேயில்ல. ஓடுத பஸ்ஸுல உக்காந்துக்கிட்டுக் காசு குடுத்துச் சவம்னு கேக்கவா?

நீங்க சொல்லுததப் பாத்தா... போன்லயா? போன்ல எப்படிம்மா பாடுவாவ? கதவு வேணும்ல எடையில.

சரி, நீங்க சொல்லுதியன்னு போடுதேன். விழுந்தாவளா, நல்லா இருக்காவளான்னாவது தெரியும். எங்க இருக்கு அவுக நம்பரு... இந்தா. கொஞ்சம் இருங்க. அடிக்குது. எடுக்கல. எடுக்க மாட்டாவ, நான்தான் சொன்னேன்லா. பயம்மா இருக்கு, குளிக்கையில எங்கயாச்சும்... இருங்க, எடுத்துட்டாவ.

நாந்தான் பேசுதேன். ஜெசிந்தா. வள்ளியூரு தாண்டியாச்சு. குளிச்சாச்சா? ஒண்ணுஞ் செய்யலியே?

ஏம்மா, அந்த டிரைவர்ட்ட சொல்லுங்களேன், இந்த ஹாரனக் கொஞ்ச நேரம் அடிக்காம இருந்தா என்னவாம்? அவுக என்னமோ இழுக்காவ, ஒண்ணுமே கேக்க மாட்டேங்கு.